சிவப்பானால் மட்டும்

வேணியின் சமையலறைச் சுவரில் ஒளிரும் டேஷ்போர்டுத் திரையில் இடம் போதவில்லை. மகளின் பள்ளி, தண்ணீர்த் தொட்டி, அலுவலகம் என்று விட்ஜெட் கட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அப்பாவின் உடல்நிலை விட்ஜெட்டை மட்டும் அவள் இப்படி அமைத்திருந்தாள்: 'சிவப்பானால் மட்டும் காட்டு.'

சில மாதங்களாக ஞாயிறுதோறும் அது சிவந்தது. அப்பாவின் கைப்பட்டை அளந்து அனுப்பும் ரத்த அழுத்தம். அவள் பதறிப்போய் வீடியோவில் அழைப்பாள். அப்பா குருசாமியோ சிரித்த முகமாகப் பேத்தியின் படிப்பு, ஊரில் பெய்த மழை என்று ஒரு மணி நேரம் பேசுவார்.

இந்த ஞாயிறு அவருக்குப் பின்னால் உப்பு நார்த்தங்காய் ஜாடி திறந்து கிடந்தது.

"ப்பா, அதைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? இன்னும் ஏறினா மூளை நரம்பு தாங்காதுன்னாரே!"

அவர் ஜாடியை மூடினார்.

"பச்சையா இருந்தா நீ எங்க தாயி கூப்பிடுதே?"

பேசி முடித்ததும் வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அமைப்பை நீக்கினாள். அப்பாவின் விட்ஜெட்டை இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக வைத்தாள். 'இனிமே தினமும் உங்களைப் பாத்துக்கிட்டே இருப்பேன்ப்பா' என்று செய்தி அனுப்பினாள்.

அப்படியே பார்த்தாள். காலையில் காபி போடும்போது பச்சை. இரவில் விளக்கை அணைக்கும்போதும் பச்சை. நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் பச்சையைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

கோவில்பட்டியில் குருசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வரை காத்திருந்தார். பிறகு எழுந்துபோய் ஜாடியைத் திறந்தார்.