நதியாவின் சாட்சி

தானியேல் பால் காய்ச்சிக் குடிக்கிறான். குளித்துவிட்டு, இறந்துபோன மனைவி நதியாவின் பைபிளை எடுத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டி சபைக்கு நடக்கிறான். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழும் வெயில் பாயில் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. திராட்சைத் தோட்டத்து மருந்து வாடை ஜன்னலில் வருகிறது. சாட்சி சொல்லும் நேரம். நதியா தோத்திரம் சொல்லியபடியே கண்மூடினாள் என்று சபை முழுக்க நம்புகிறது. அதை அவன் வாயால் கேட்கத்தான் மைக்கை நீட்டுகிறார்கள். அவன் மைக்கை வாங்கிக்கொள்கிறான். பொய் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சபைக் கிழவி முருகம்மாள் நிமிர்ந்து பார்க்கிறாள். "உள்ளதச் சொல்லுய்யா. இங்கன பயமில்லாதவுக யாரு இருக்காக?" அவன் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நதியா கடைசியாகச் சொன்னதை அப்படியே சொல்கிறான். "ஜெபம் போதுங்க. பயமா இருக்கு. கைய மட்டும் விட்றாதீக."