கல்லில் வெட்ட ஒரு சொல்

ஐந்து மணிக்கு எழுந்தேன். குக்கரைத் திறந்து முதல் கரண்டிச் சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து என் மனைவி மிஹோவின் படத்துக்கு முன் வைத்தேன். படத்துக்குப் பக்கத்தில் அவள் அஸ்தி இருக்கும் வெள்ளைக் கலசம். ஊதுபத்தி ஏற்றினேன். மணியை ஒரு தட்டு தட்டினேன்.

மிச்சச் சோற்றை நின்றபடியே சாப்பிட்டேன்.

கலசம் போய்ச் சேர வேண்டிய கல்லறை மார்ச்சில் தயாராகிவிடும். கல்லில் எழுத்து வெட்டுவது இன்றைக்கு.

கவசப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனியில் நடந்தேன். ஜனவரியில் பத்து நாள், எங்கள் ஊர் கெண்டோ கூடத்தில் விடிவதற்கு முன்பே மூங்கில் வாள் பயிற்சி. தரை வெறுங்காலைக் கடிக்கும்.

மிஹோவைச் சந்தித்தது இந்தக் கூடத்தில்தான்.

கெண்டோவில் எந்த இடத்தை அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரைக் கத்தியபடி அடிக்க வேண்டும். தலைக்கு மென். மணிக்கட்டுக்கு கொத்தே. குரல் வராத அடி செல்லாது.

எனக்கு ஒரு குறை உண்டு. தலையில் அடிக்கப் போகும்போது கைகளை அரை நொடி முன்பே தூக்கிவிடுவேன். வலது மணிக்கட்டு திறந்து கிடக்கும்.

எட்டு வருடம் மிஹோ அங்கேதான் அடித்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளே ஐஸ் வைத்துக் கட்டுவாள்.

அவள் போய் மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் என் மணிக்கட்டில் ஒரு அடிகூட விழவில்லை. திறந்து கிடப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். விட்டுவிடுவார்கள்.

இன்று எதிரில் ஹிசாயோ அக்கா. அறுபது வயது, தோஃபு கடை வைத்திருக்கிறாள். நான் கைகளைத் தூக்கினேன்.

“கொத்தே!”

கையுறையைத் தாண்டி எலும்பில் வலித்தது.

முகக்கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள். “யாருக்குப்பா டாட்டா காட்டுற? மூணு மாசமா பாவம்னு விட்டேன். இனிமே கிடையாது.”

குனிந்து வணங்கினேன்.

பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் பன்றிக்கறி சூப். கிண்ணத்தை இடது கையில் வாங்கினேன். அப்போது மாமியாரின் போன் வந்தது.

“மாப்ள, கல்லுக்காரர் பத்து மணிக்கு ஆரம்பிக்கிறாராம். ‘நன்றி’ன்னுதானே வெட்டச் சொல்லணும்? அதானே அவ கடைசியாச் சொன்னது?”

சாவு வீட்டில் மாமியார் கேட்டபோது நான்தான் அப்படிச் சொன்னேன். மகள் போகும்போது அவர் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் அவர் அழுகை அடங்கியது. அதைத்தான் கல்லில் வெட்ட வேண்டும் என்றார். நானும் சரி என்றேன்.

இப்போது உண்மையைச் சொன்னால் அவரிடம் இருக்கும் அந்த ஒரு சொல்லும் போய்விடும். சொல்லாவிட்டால் மிஹோவின் தலைமாட்டில் என் பொய் நிற்கும்.

மணிக்கட்டு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“இல்ல அத்தை. அவ அப்படிச் சொல்லல.”



“பின்ன என்ன சொன்னா?”

சூப் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல். திரையை இழுக்க அவளைத் தாண்டிக் கைகளை நீட்டினேன். இரண்டு நாளாகப் பேச்சே இல்லாமல் கிடந்தவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இரண்டு விரலால் என் வலது மணிக்கட்டைத் தட்டினாள்.

காற்று மாதிரிதான் வந்தது. ஆனாலும் குரல் வந்தது.

“கொத்தே.”