முழங்கைக்குப் பொறுப்பில்லை

பாதுகாப்பு அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டுதான் மாத்திரைகளைப் பொடித்தார். பழக்கதோஷம். தலைக்கவசம் இல்லாமல் தொழிற்சாலைக்குள் ஒரு ஈயைக்கூட விடாத ஆசாமி. கையுறை கையைத்தான் காப்பாற்றும், முழங்கைக்கு அது பொறுப்பில்லை என்று காலைதோறும் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுப்பவர்.

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் பொடி பழச்சாற்றில் கரைந்தாக வேண்டும். கணக்குப் பிரிவுப் பெண்ணின் வீட்டுக்கு ரகசியமாகப் போய்வர ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. அவளை விடவும் மனசில்லை, மனைவியிடம் மாட்டிக்கொள்ளவும் தைரியமில்லை. வெளியே தெரிந்தால் குடும்பம் சந்தி சிரிக்கும். அதற்குத்தான் இந்தப் பொடி.

சர்க்கரையைத் தாராளமாகப் போட்டுக் கலக்கினார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மனைவி, கணவர் பழச்சாறு நீட்டும் அதிசயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

"மாத்திரையா?"

சத்து மாத்திரை என்று உளறினார்.

"உங்க பூட்ஸுக்குள்ள ஒளிச்சு வச்ச மாத்திரை அட்டையைக் காலையிலயே பாத்துட்டேங்க."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கணக்குப் பிரிவு, போன வாரம் வந்த புண், பால்வினை நோய். மனைவிக்கும் மருந்து கொடுத்தால்தான் ஒழியும், இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சத்தியமா ஒரு தடவைகூட உறை இல்லாம போனதில்ல," என்றார், அதற்கொரு பதக்கம் எதிர்பார்ப்பவர் போல. "டாக்டர்கிட்ட சண்டையே போட்டேன். பெரும்பாலும் காப்பாத்துமாம். ஆனா அது மூடாத இடத்துல புண் இருந்தா, தோல் பட்டாலே ஒட்டிக்குமாம். என் முழங்கைப் பாடத்தை எனக்கே நடத்துறார்."

மனைவி மிச்சப் பழச்சாற்றை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"இது எனக்கு ரெண்டாவது சுத்துங்க. போன மாசம்தான் ஒரு தடவை இதே மருந்து எடுத்து முடிச்சேன். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

"போன மாசமா? எனக்கே போன வாரம்தானே வந்தது?"

மனைவி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அவரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. அவரும் உங்களை மாதிரியேதான், ஒரு தடவைகூட உறை இல்லாம வந்ததில்ல."