காரைக்காலுக்கு வராத கம்பெனி

"அந்தக் கம்பெனி இருக்கிறது ஹைதராபாத்துல. காரைக்கால்ல நாங்க காலே வச்சதில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்படின்னா இந்தக் கோர்ட்டு கேஸை எடுக்காது. அங்க போய்த்தான் போடணும்" என்றார் வக்கீல் சிங்காரவேலன்.

கோர்ட் வராண்டாவில் ழோசெத் சரியென்று தலையாட்டினாள். பக்கத்து வீட்டுப் பிரதீபாதான் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"அதெப்படி சார்? அக்கா கேக்காமலே ஒரு நாளைக்கு நாப்பது விளம்பர மெயில் அனுப்புனாங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட் புதுப்பிக்க வரச்சொன்ன மெயிலு அந்தக் குப்பையில புதைஞ்சுபோச்சு. பாஸ்போர்ட் இல்லாம, பிரான்சுல நடந்த பெத்த மகன் கல்யாணத்த இவங்க போன்லதான் பாத்தாங்க. இது இங்கதானே நடந்துச்சு?"

"நியாயம்தாம்மா. ஆனா அவங்க இங்க வந்து வியாபாரம் பண்ணினதுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேணும். ழோசெத்தம்மா, என்கிட்ட வர்றதுக்கு முந்தி என் மெயில் முகவரி எப்படிக் கெடைச்சுதுன்னு நீங்களே கம்பெனிக்கு லெட்டர் போட்டீங்களே, பதில் வந்துச்சா?"

"இல்லீங்க."

"வந்துச்சேக்கா. தபால்காரர் குடுத்தப்ப நான் கூடவே நின்னேன்" என்றாள் பிரதீபா.

"அது தொலைஞ்சுபோச்சு."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுவாங்க. தேடிக் குடுத்தா கேஸ் இங்கயே நிக்கும். இல்லேன்னா இன்னைக்கே முடிஞ்சுது." உள்ளே போய்விட்டார்.

"பழைய கரண்ட் பில்லைக்கூடத் தூக்கிப் போடாத ஆளு நீங்க, லெட்டர் தொலைஞ்சுதாம். கேஸ் போடுங்கன்னப்பவும் வேணாம் வேணாம்னீங்க. என்னக்கா, சமாதானத்துக்கு வந்தானுங்களா? பிரான்சுக்கு டிக்கெட் எடுத்துத் தர்றேன்னானுங்களா?"

"அப்படியே வச்சுக்கயேன்."

"கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மூணு வாய்தாவா உங்களுக்காக அலையறேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

ழோசெத் தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அது போதும் பிரதீபாவுக்கு. குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினாள். வாங்க அவள் இரண்டு கையையும் நீட்டியதும் பையைப் பிடுங்கிவிட்டாள்.

உள்ளே கம்பெனியின் கவர் பத்திரமாக இருந்தது.

'தங்கள் இமெயில் முகவரியை நாங்கள் திருடவில்லை. சென்ற ஆண்டு காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் எங்கள் ஸ்டாலில் எழுதித் தரப்பட்டது. படிவ நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

"இதோ, காரைக்கால்னு அவனே எழுதியிருக்கான். காலே வைக்கலியாம்ல. இது ஒண்ணு போதும்க்கா…" பேசிக்கொண்டே அடுத்த தாளைத் திருப்பியவள் அப்படியே நின்றாள்.

'தெரிந்த பத்துப் பேரின் இமெயில் முகவரி எழுதினால் டிபன் பாக்ஸ் இலவசம்.'

பத்தும் எழுதியிருந்தது. மூன்றாவது ழோசெத்துடையது. அடியில் எழுதித் தந்தவர் கையெழுத்து: சி. பிரதீபா.

அந்தத் திருவிழாக் கூட்டம், தோளில் தூங்கிய குழந்தை, யாரோ நீட்டிய பேனா, எல்லாம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அக்கா… இது தெரிஞ்சுதானா இத்தன நாளும்…"

ழோசெத் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"அதக் குடுத்தா உன்னத்தானே கூண்டுல ஏத்திக் கேப்பானுங்க? கேஸ் ஹைதராபாத்துக்குப் போனா போவட்டும், மடிச்சு உள்ள வை."