மூன்றாவது விசில்

பொதட்டூர்பேட்டை பஸ் திருத்தணி ஸ்டாண்டை விட்டுக் கிளம்புவதற்குள் டிரைவர் அந்தப் பாட்டை இரண்டாம் தடவை போட்டுவிட்டார்.

பின் சீட்டில் கல்லூரிப் பெண்கள் பாட்டோடு சேர்ந்து விசில் அடித்தார்கள். இப்போது ஊரே அடிக்கிறது. படத்தில் காதலனும் காதலியும் சந்திக்கும்போதெல்லாம் வரும் தீம் மியூசிக் அது.

தணிகைவேல் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த விசில் அவன் பெண்டாட்டியுடையது.

பக்கத்து சீட்டில் அவன் தெருக்காரர் வீராசாமி. அவர் போனில் பாடகர் எழிலனின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு பிறந்த கதையாம். தணிகைவேலுக்கு மனப்பாடம் ஆகிவிட்ட பேட்டிதான். இருந்தாலும் எட்டிப் பார்த்தான்.

“திருத்தணிப் பக்கம் ஒரு தறி வீடுங்க. அந்தச் சத்தத்துல பேர் சொல்லிக் கூப்டா காதுல விழாது. அதனால விசில்தான். வீட்டுக்கு வீடு வேற வேற விசில். பாட்டுல முதல்ல வர்றது வீட்டுக்காரர் கூப்டறது. ரெண்டாவது அந்த அக்கா பதில் குடுக்கறது. அப்புறம் மூணாவதா ஒண்ணு அடிச்சாங்க பாருங்க, அதுதான் பாட்டோட உயிரே. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். சிரிச்சாங்க. சொல்லல.”

சிரித்தாளாமே.

வீராசாமி போனை அணைத்தார். “மூணாவதுக்கு இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாதா நைனா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியானால் இவருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும் போலிருக்கிறது. கட்டினவனுக்குத்தான் தெரியாது.

போன ஆடி மாதம், தறிச் சத்தம் பிடிக்க மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்த எழிலனை வீட்டுக்குள் விட்டதே தணிகைவேல்தான். கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தான். லுங்கிக் கட்டைத் திருத்தணிக் கடையில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியும் போனான். சாயங்காலம் அவன் வந்து வாசலில் நிற்கவும் எழிலன் மைக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். முகத்தை நேராகப் பார்க்காமல் அவசரமாகக் கிளம்பினான்.

நடுவில் ஒரு மதியம் முழுக்க அந்த வீட்டில் என்ன நடந்தது?

முதல் விசில் அவனுடையது, அதில் தகராறு இல்லை. இரண்டாவது அவளுடைய பதில். மூன்றாவதை அவன் தன் வீட்டில் கேட்டதே இல்லை. ஆனால் அதை அடிப்பதும் அவன் பெண்டாட்டி அனுசுயாதான். குழாயடியில் வழுக்கி விழுந்து முன்பல் போனதிலிருந்து அவள் விசிலில் காற்று கசியும். பாட்டிலும் கசிகிறது.

டிவியில் அந்தப் பாட்டு வந்தால் அவள் சேனலை மாற்றிவிடுகிறாள். பத்தாவது படிக்கும் மகள் ஷோபனா தலையைக் குனிந்துகொள்கிறாள். தாயும் மகளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். கேட்டால், “ஒண்ணியும் இல்லங்க, அந்தப் பாட்டு புடிக்கல” என்கிறாள். ஊருக்கே பிடித்த பாட்டு, அவள் வாயிலிருந்தே வந்த விசில், அவளுக்குப் பிடிக்கவில்லையாம். யார் காதில் பூ சுற்றப் பார்க்கிறாள்?

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். அந்த விசில் அவளை யாரிடம் கூட்டிப்போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பேட்டையில் இறங்கியதும் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு நடந்தான். வாசல் பக்கம் போகவில்லை. சந்துக்குள் நுழைந்து, தறிக்கூடத்து ஜன்னலோரம் ஒதுங்கி நின்றான்.

உள்ளே தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அனுசுயா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி பாதி நழுவியிருந்தது. ஷோபனா தரையில் புத்தகத்தைப் பரப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பார்க்காமலே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. உண்மையில் பயமாக இருந்தது.

உதட்டைக் குவித்து மூன்றாவது விசிலை அடித்தான்.

அனுசுயா சிரிக்கவில்லை. யார் அடித்தது என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஷோபனா புத்தகங்களை அள்ளிப் பைக்குள் திணித்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அனுசுயா தறியோரம் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, அலமாரியின் உச்சித் தட்டில் பத்திரமாக வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்து நின்றாள். ஒரு கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொண்டது.

பல் போன இடத்தை.

குழாயடியில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்கு முதலில் சொன்னவன் தணிகைவேல்தான்.

அந்த ஆடி மாதச் சாயங்காலமும் அவன் சாராயக் கடைக்குப் போய்விட்டுத்தான் இந்தத் தெருவில் தள்ளாடி வந்தான். எழிலனின் மைக் அப்போது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் மகளுக்கு அடித்த விசிலைப் பிடித்திருக்கிறது. அவனைத் தெருவில் கண்டதும் மூன்றாவது விசில் ஒவ்வொரு சாயங்காலமும் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கேட்கிற நிலையில் அவன் வீடு வந்ததில்லை.

உள்ளே போய், இன்றைக்கு நான் குடிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சந்திலிருந்து மெதுவாக வெளியே வந்தான்.

எதிர்வீட்டு வாசலில் புஷ்பலதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

அவன் மீது வைத்த கண்ணை எடுக்காமல் உதட்டைக் குவித்தாள்.