கடைசி வரிசையில் ஒரு முகம்

“உனக்குக் கை நடுங்குமாம்மா?” ஓவியங்களைத் தூசி தட்டும் வேலையில் சேர்ந்த அன்று ஓவியக் காப்பாளர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நடுங்காது என்று அவள் சொன்னாள். இப்போது நடுங்குகிறது. நாடாளுமன்றத்தின் நீண்ட கூடத்தில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. முதல் அவையின் உறுப்பினர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரிய ஓவியத்தின் முன்னால் அவள் நிற்கிறாள். ஓவியங்களை உலர்ந்த தூரிகையால் மட்டுமே தட்ட வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது. ஆனால் கடைசி வரிசையில் ஒருவரின் நெற்றியில் ஈ எச்சத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பிள்ளைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி, தரை துடைக்கும் மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். எச்சத்தோடு நெற்றியும் ஒரு கண்ணும் வந்துவிட்டன.

“என்னக்கா, மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி அவரையே பார்த்துட்டு நிக்கிறீங்க?” என்று வாசல் காவலாளி சிரிக்கிறான்.

“சும்மா இருப்பா.” துணியைக் கைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

டக் டக்கென்று செருப்புச் சத்தம். காப்பாளர் தினமும் போல டார்ச்சோடு வருகிறார். வெளிச்சம் முகம் முகமாக நகர்ந்து, கடைசி வரிசையில் நின்றுவிடுகிறது. அவர் மெல்லத் திரும்பிக் கையை நீட்டுகிறார். அவள் இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். துணியில் தோல் நிறத்தில் ஒரு தீற்றல். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த ஓவியத்தை நோக்கி நடக்கிறார்.