இடது பக்கப் பின் சீட்டு

"மறுபடியும் அந்த பெல்ட்டுதானா சார்?"

வினோஜின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. வண்டிகளைச் சோதிக்கும் இன்ஷூரன்ஸ் அதிகாரி எபிசன் சார் அவனைத் திருப்பி அனுப்பியது இரண்டு முறை. இன்று மூன்றாவது.

விபத்தில் நொறுங்கி, 'இனி தேறாது' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியே கைகழுவிய கார் அது. மார்த்தாண்டத்தில் ஒரு புரோக்கரிடம் வாங்கி, எட்டு மாதம் பாடுபட்டுச் சரிசெய்திருந்தான். எபிசன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் புது இன்ஷூரன்ஸ். நாளை ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி சுபிதாவையும் பிறந்து நான்கு நாளான மகளையும் அந்தக் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"பிரேக்கு பிடிக்குது, ஸ்டியரிங் நேரா நிக்குது. பின் சீட்டுல பெல்ட்டு யாரு சார் போடுதா?"

"பெல்ட்டு ஒரு தடவதான் உயிரப் பிடிக்கும். வண்டி இடிச்சா மாத்தணும். நீ பழசயே தொடச்சு மாட்டுன. பொறவு அளவு சேராத ஒண்ணு. இது புதுசா?"

"புதுசு சார். பில்லு இருக்கு."

எபிசன் பின்பக்கம் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இந்த ஜன்னல் பாதியில நிக்குமே, நேராக்குனியா?"

இவருக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் உளறியிருப்பார் என்று வினோஜ் நினைத்துக்கொண்டான்.

பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார். பூட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். ஏழெட்டு முறை ஆயிற்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர்.

வினோஜுக்குப் பொறுமை போய்விட்டது. "உள்ளதச் சொல்லுங்க சார். பிள்ள செத்த வண்டின்னுதானே ஒப்பு போட மாட்டேங்குதீங்க?"

"யாரு சொன்னா?"

"கருங்கல் ஊரு முழுக்கச் சொல்லுது. ஆறு வயசுப் பிள்ள, இந்த சீட்டுலதானாம். சுபிதா காதுலயும் விழுந்தாச்சு. பிள்ளைய இதுல ஏத்த மாட்டேன், ஆட்டோல வாறேன்னு நிக்கா."

எபிசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா என்றிருந்தது வினோஜுக்கு. ஆனாலும் சுபிதாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

"நாளைக்கு ஆஸ்பத்திரில எத்தன மணிக்கு விடுதாவ?"

"பத்து மணிக்கு சார்."

"எனக்க மக ராகேலையும் கூட்டிட்டு நான் அங்க வாறேன். உனக்க பெண்டாட்டி அவளப் பாத்துட்டு வண்டியில ஏறட்டு."

"உங்க மகளா? எதுக்கு சார்?"

எபிசன் பெல்ட்டை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"இது எங்களுக்க வண்டியா இருந்தது மக்கா. அன்னைக்கு இந்த சீட்டுல பெல்ட்டுப் போட்டு இருந்தது அவதான்."